முப்பத்தேழாம் பெட்டி

படம் ஒன்றுக்குப் பன்னிரண்டு பைசா.
முலுண்டில், ஒரு பேக்கரி மாடியில்,
பாவ் வேகும் வாசனையோடு ராத்திரி முழுக்க
தேசியப் பூங்காவின் மரங்களில் கட்டிய கேமராக்கள்
கண்டதையெல்லாம் பிரித்து வைப்பேன்.
காற்றில் ஆடிய புல்லுக்குப் புல் என்று,
மானுக்கு மான் என்று,
சாராயக் கேன் சுமந்து போகிறவனுக்கு
மனிதன் என்று.

இடுப்புப் புள்ளிகளைப் பார்த்தே
இது எந்தச் சிறுத்தை எனச் சொல்லிவிடுவார்
ஷர்வரி பிடே மேடம்.
மார்ச்சுக்குள் எனக்கும் கைவந்தது.
பதினோரு உடம்புகள், பதினோரு கையெழுத்துகள்.

முப்பத்தேழாம் பெட்டி. விடிகாலை 4.52.
கறுப்பு வெள்ளையில் ஒரு பெண் குத்தவைத்திருக்கிறாள்,
பக்கத்தில் பெயின்ட் டப்பா.
அடுத்த படத்தில்
அவள் முதுகுக்குப் பத்தடி பின்னால்
அது உட்கார்ந்திருக்கிறது,
ரேஷன் கடையில் தன் முறைக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி.
இடுப்பில் நான் இதுவரை பார்த்திராத புள்ளிகள்.
மூன்றாவதில் அவள் தண்ணீர் சாய்க்கிறாள்.
நான்காவதில் புல் மட்டும்.

சண்முகக்கனி அக்கா.
எங்கள் சந்துக்கு அடுத்த சந்து.
டவரில் பதினாறு வீட்டுக் கக்கூஸ் கழுவுகிறவள்.

மனிதன் என்ற கோப்பு
மாதக் கடைசியில் இலாகாவுக்குப் போகும்.
அங்கே ஒரு குமாஸ்தா,
குமாஸ்தாவுக்கு ஒரு மச்சான்,
மச்சானிடம் ஒரு போன்.
நான் திரையைப் பார்க்காமல் விசையைத் தேடி அழுத்தினேன்.
நான்கு முறை.
நாற்பத்தெட்டுப் பைசா நஷ்டம்.

அறிக்கை வந்தது: பதினொன்று.
பன்னிரண்டு என்றார்கள் காவலர்கள்,
சேற்றில் அளந்த கால்தடத்தோடு.
சுவர் கட்டச் சொல்கிற டவர்க்காரர்கள்
குறைத்துக் காட்டிவிட்டாள் என்றார்கள்.
சுவர் கூடாது என்கிற காட்டுப் பிரியர்களும்
குறைத்துத்தான் காட்டிவிட்டாள் என்றார்கள்,
வேறு காரணம் சொல்லி.
டி.வி.யில் நான்கு கட்டங்களில் நான்கு பேர் கத்தினார்கள்.
குடிசைகளை எடுப்பது பற்றி
யாரும் கத்தவில்லை. அதில் எல்லோருக்கும் சம்மதம்.

ஆடி மழையில், ஒரு கல்யாண மண்டபத்தில்
பொதுமக்கள் கருத்துக் கேட்பு.
போன வாரத்து முகூர்த்தத்தின் காகிதப் பூ இன்னும் தொங்கியது.
மேடம் எழுந்தார்.
"என் தரவில் பதினொன்றுதான்.
ஒவ்வொரு படமும் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்."
குரல் நடுங்கவே இல்லை.
அவர் சொன்னது உண்மை.
அந்த உண்மைக்குள் என் விரல் அளவுக்கு ஓர் ஓட்டை.
கடைசி வரிசையில்
நாற்காலியின் உடைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து சொல்லியிருக்கலாம்:
பன்னிரண்டாவது இருக்கிறது,
அது ஒரு மனுஷிக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தது,
அவளும் எழுந்து போனாள், அதுவும் போனது,
சுவர் எதற்கு என்று.
எங்கே படம் என்பார்கள்.

அப்போதுதான் அக்கா கை தூக்கினாள்.
திருநெல்வேலி இந்தியில் கேட்டாள்:
"சிறுத்தையை எண்ணிட்டீங்க சரி,
எங்களுக்குக் கக்கூஸ் எப்போ?"
மண்டபம் சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.
இன்றைய விவாதத்தில் அது இல்லை என்றார் தலைவர்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார்.

அடுத்த மாதம் மேடத்தின் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள்.
கேமராக்களைக் கழற்றப் போனவர்களில் நானும் ஒருவன்.
முப்பத்தேழாம் மரத்தில்
பட்டை அழுத்திய தடம், ஈரமாக.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா.
"கண்ணைக் கழத்தியாச்சா தம்பி?
அதைக் கட்டுன விஷயம் தெரிஞ்சதுல இருந்து
நாங்க நாப்பதடி தள்ளி உள்ளேல்லா போறோம்.
அங்கன இருட்டு ஜாஸ்தி."
பையை மடியில் ஏற்றிக்கொண்டாள்.
"அதுல என்னதான்டே தெரிஞ்சுது?"

புல்லு அக்கா, என்றேன்.
காத்துல ஆடுன புல்லு.