திகதி

முதல்தரம் முறுக்கியபோது
ஒரு ரப்பர்க் குழாய்தான் அவிழ்த்தது.
சீறி வந்த காற்றைக் கேட்டு
"லொறி டயர் போன மாதிரி" என்றார்
பக்கத்துக் கட்டில் நிஹ்மத் நானா,
தன் தையலைக் கையால் பொத்திக்கொண்டு.
வார்டே சிரித்தது. நானும்.
மிஸ்ஸி மட்டும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ந்துபோன வயிற்றில் விரலால் தட்டி
டொக்டர் விமலசேகர சொன்னார்,
வினைச்சொற்கள் கொஞ்சம் வழுக்கும் தமிழில்:
"இப்ப நல்லம். ஆனா திரும்பச் சுத்தும்.
வீட்டுக்குப் போக முதல் வெட்டுவம்.
வெள்ளிக்கிழமை."

வெள்ளி, மார்ச் இருபத்தெட்டு.
ஐந்தாம் குறுக்குத் தெருவில்
மூன்று கடைகளின் வருட முடிவு என் கையில்.
முப்பத்தொன்று கழியட்டும் என்றேன்.
பிறகு, புதுவருஷமும் கழியட்டும் என்றேன்.
சொந்த விருப்பில் போகிறேன் என்று
கையெழுத்து வைத்தேன்.
நல்ல கையெழுத்து,
ஐந்தொகையின் கீழே வைப்பது போல.

ஏப்ரல் எட்டு, இரவு.
கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை
ஓட்டோவின் ஒவ்வொரு குழியையும்
றெஜினா தன் மடியில் வாங்கினாள்.
இந்தமுறையும் குழாய் விட்டார்கள்.
வெளியே எடுத்த நுனியைப் பார்த்து
யாரும் ஒன்றும் பேசவில்லை.

சுட்ட கத்தரிக்காய் போல இருந்ததாம்.
மறுநாள் கட்டிலடியில் மாணவர்கள்
சிங்களத்தில் சொல்லிக்கொண்டார்கள்.
எனக்குச் சிங்களம் தெரியுமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்றரை அடி போய்விட்டது.
மிஞ்சியதன் முனை
தொப்புளுக்கு இடப்பக்கம், சிவப்பாய், ஈரமாய்,
வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.
புதுவருஷத்தன்று வார்டுக்குக் கொக்கிஸ் வந்தது;
எனக்குத் தையல் வாய் பிளந்தது.
பிறகு காய்ச்சல்,
பிறகு நெஞ்சில் சளி,
பிறகு, எனக்கு ஞாபகமில்லாத நாலு நாள்.
அந்த நாட்களை றெஜினா
ஒரு லேபிள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.
இன்னும் வாசிக்கவில்லை.

அவள் "வெள்ளிக்கிழமை" என்று
ஒருதரமும் சொன்னதில்லை.
பத்து ரூபாய்க் குற்றியை வைத்து
புதுப் பையில் வட்டம் கீறுவாள்,
நகம் வெட்டும் கத்தரியால் வெட்டுவாள்,
உள்ளங்கைச் சூட்டில் அமத்தி ஒட்டுவாள்.
அந்தக் குற்றியை மட்டும்
நாங்கள் செலவழிப்பதில்லை.

எப்போது திரும்பப் பொருத்துவீர்கள்?
நாளைக்கென்றாலும் வருகிறேன் டொக்டர்.
அவர் என் கொப்பியைப் புரட்டுகிறார்.
"ஆறு மாசம். உள்ளுக்கு ஆற வேணும்.
இப்ப அவசரம் கூடாது."

கடைக்குப் போகிறேன்.
முதலாளி காசெண்ணும்போது
ஒரு சத்தமும் இருக்கக்கூடாது.
அந்த நேரம் பார்த்துத்தான் பை பேசும்.
பெடியன் ஓடிப்போய்
ரேடியோவைக் கூட்டுகிறான்.