இல்லாச்சந்து

கப்பல் நின்றுவிட்டது.
மூன்றாம் பருவம், ஆறாம் பகுதி, பதினெட்டாம் நிமிடம்.
ஓர் அண்டத்தை விட்டுக் கிளம்பி
அடுத்ததைத் தொடுமுன்
எஞ்சின் அறை இருண்டுபோக,
தலைவி கண்ணாடியில் நெற்றி வைத்து
ஒரு சொல் சொல்கிறாள்.
அதைத் தமிழில் எழுத எனக்கு
இரண்டு நொடி, நாற்பத்திரண்டு எழுத்து,
நிமிடத்துக்கு எண்பது ரூபாய்.

மும்பை அலுவலகம் அனுப்பிய பட்டியலில்
வெற்றிடம் என்று இருக்கிறது.
அதில் இடம் இருக்கிறதே.
இடம் இருந்தால் நாற்காலி போடலாம்,
ஆள் வரும், அட்வான்ஸ் கேட்கும்.
வெளி என்றால் கதவைத் திறந்து போய்விடலாம்.
சூனியம் என்று போட்டால்
செவ்வாய்ப்பேட்டையில் எலுமிச்சம்பழம் வாங்க ஓடுவார்கள்.
பாழ் நல்ல சொல்தான், பழைய சொல்.
ஆனால் பாழாவதற்கு
முன்னால் ஏதாவது இருந்திருக்க வேண்டும்.
அவள் பார்க்கும் இருட்டில் எதுவும் இருந்து போகவில்லை.
இன்மை?
பள்ளிக்கூடத்தில் அதற்கு வறுமை என்று எழுதி
மார்க் வாங்கியவள் நான்.

ஹெட்போனைக் கழற்றி மாடிக்குப் போனேன்.
ஏற்காடு மலையில் ஒரு விளக்கு ஏறுகிறது.
ஒரு கொண்டை ஊசியில் அணைந்து
அடுத்ததில் எரிகிறது, எதிர்ப்பக்கம் பார்த்து.
நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று
அதில் வந்தவரைக் கேட்டால்
வண்டியிலதான் என்பார்.

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் இருட்டு.
அதற்கும் அந்தப் பக்கம் அண்ணன் வீட்டு மாடி.

அப்பா போன வருஷம் நான் பங்கு கேட்டேன்.
சென்னகிருஷ்ணன் பேச்சை நிறுத்தினான்.
பொதுச்சுவர் வைத்தால் சண்டையும் பொது என்றார் வக்கீல்.
வீட்டைப் பிளந்து ஆளுக்கொரு சுவர் எழுப்பினோம்.
சர்வேயர் டேப் பிடித்தபோது
ஒன்பது அங்குலம் மிஞ்சியது.
இது யாருது?
என்னுது இல்லை என்றேன்.
எனக்கு வேண்டாம் என்றான்.
எட்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போனது
அது ஒன்றில்தான்.

அவன் மகள் தன்யஸ்ரீயின் பந்து ஒருநாள் அதில் விழுந்தது.
அப்போது அவளுக்கு ஏழு வயது.
எங்கடி போச்சு என்று அவள் அம்மா கத்த,
"இல்லாச்சந்துல" என்றது குரல்.
என் சமையலறைக்குக் கேட்டது.
அதன்பின் நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்,
துணிக்கிளிப் விழும்போது,
ஒற்றைச் செருப்பு விழுந்த அன்று.
இரண்டு சன்ஷேடின் மழையும் அங்கேதான் இறங்குகிறது.
உச்சியில் நான்கு நிமிடம் வெயில் வரும்.
பட்டா கிடையாது.

கீழே வந்து தட்டினேன்:
நாம் நிற்பது இல்லாச்சந்தில்.
எழுத்தை எண்ணினேன். இடம் மிச்சம்.

மூன்றாம் நாள் திருத்தம் வந்தது, சிவப்பில்.
அப்படி ஒரு சொல் அகராதியில் இல்லையாம்.
எல்லாவற்றையும் வெற்றிடம் ஆக்கினேன்.
பதினாறு என்று கணக்குக் கொடுத்தேன்.
இருந்தது பதினேழு.
தெரிந்தே விட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெள்ளி இரவு
சுவருக்கு அப்பால் அதே எஞ்சின் உறுமல்.
தன்யஸ்ரீக்கு இப்போது பதினான்கு,
ஊருக்கே கேட்கும்படி வைப்பாள்.
பதினெட்டாம் நிமிடம் வெற்றிடமாகக் கடந்தது.
முப்பத்தொன்றில்,
தூங்கும் மாலுமியிடம் தலைவி
குரல் தணித்துச் சொல்லும் வரி.

உறுமல் பாதியில் நின்றது.
நிறுத்தி வைத்திருக்கிறாள்.

குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடி
ஒன்பது அங்குலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
அங்கே நாற்காலி நகர்கிறது.
"அப்பா, இங்க வாயேன். இதப் படி."
நடை வருகிறது. நிற்கிறது.

படிக்க இரண்டு நொடி போதும்.
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
நாற்பது,
நாற்பத்தொன்று.