மூலை இல்லாத வீடு

கலீசியாவில், ஒர்கெய்ரா குன்றின் தலையில்
பதினேழு வீடுகள். எல்லாம் வட்டம்.
முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் சுவர்,
அதற்கு மேல் மழைதான் கூரை.

டின் மீன் ஆலையில் இருபத்திரண்டு வருஷம்
மத்தித் தலை கொய்த கை தோசிந்தாவுடையது.
ஆலை மூடியபின் நகராட்சி கொடுத்தது
ஒரு கொத்துக்கரண்டி, ஒரு தூரிகை,
செப்டம்பர் வரைக்கும் கூலி.

முதல் நாளே கேட்டாள்:
"கோபித்துக்கொண்டால் எங்கே போய் உட்கார்வார்கள்?
ஒரு மூலைகூட இல்லையே."
பிராய்ஸ் சிரித்தான், அவன்தான் தலைமை.
கள ஏட்டில் நான் எழுதவில்லை.
கேள்விக்கு அதில் கட்டம் கிடையாது.

ஒன்பதாம் வீடு.
கரிந்த ஓக் கொட்டை, இரண்டு படி இருக்கும்.
தக்களிக் குண்டு ஒன்று, ஓரம் உடைந்தது.
அடுப்புக் கல்லில் இன்னும் சிவப்பு.
காற்றுக்கு முதுகு காட்டும் வாசல்.

பிறகு அரைகல்.
தேய்வு நடுவில் இல்லை,
இடப்பக்கமாய்ச் சரிந்து பள்ளம்.
கல் சாய்ந்து கிடந்திருக்கும் என்றான் பிராய்ஸ்.
தோசிந்தா கையுறையைக் கழற்றினாள்,
மண்டியிட்டாள், ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

ஆலை வரிசையில் எல்லோரும் வலக்கை.
உன் ஒருத்திக்காக மேசையைத் திருப்ப முடியுமா
என்று கேட்டார்களாம்.
இருபத்திரண்டு வருஷம் சும்மா கிடந்த இடக்கை
அந்தப் பள்ளத்துக்குள்
பழகிய செருப்புக்குள் கால்போலப் போயிற்று.

கடைசி வாரம் பணம் தீர்ந்தது.
துணி விரித்து மண் மூட வேண்டும்;
காப்பாற்றுவது என்றால் இங்கே புதைப்பது.
அரைகல்லுக்குப் பெட்டி வந்தது, சீட்டும் வந்தது:
"சாய்ந்து கிடந்தது."

தோசிந்தா சத்தம் போடவில்லை.
ஒன்பதாம் வீட்டுக்குள் போனாள்,
சட்டென்று நட்டநடுவே, அடுப்புக் கல்மேல்
உட்கார்ந்துவிட்டாள்.

துணிச்சுருள் தூக்கிய பையன்கள்
அவளைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது.
பிராய்ஸும் சுற்றித்தான் நடந்தான்.
எங்கிருந்து பார்த்தாலும் அவள் முகமோ முதுகோ
தெரிந்துகொண்டே இருந்தது.
மூலை இருந்திருந்தால் மறந்திருப்போம்.

எதெல்மீரோ மண்வண்டியின் இன்ஜினை அணைத்தான்,
ரொட்டியைப் பிரித்தான்,
பாதியைச் சுவருக்கு மேலே நீட்டினான்.
வாங்கிக்கொண்டாள். எந்தக் கையால் என்று
சொல்லத் தேவையில்லை.

சீட்டை மாற்றி எழுதினேன்:
தேய்வு, இடப்பக்கம். காரணம்,
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

அன்று மண் விழவில்லை.
மறுநாள் விழுந்தது.