வெள்ளிக்கிழமைக் கோடுகள்

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு
ஸொலொங்கோ தர்கான் நகரப் பள்ளிக்கூடத்தை
வலப்பக்கம் நகர்த்துகிறாள்.
சுவர்களை அல்ல, திரையில் அதன் நீலப் பட்டைகளை.

சிமெண்ட் ரயில் எல்லையில் ஒன்பது நாள் நின்றது.
ஒன்பது கட்டம்.
அதை நம்பியிருந்த கூரையும்
கூரையை நம்பியிருந்த வெந்நீர்க் குழாயும்
தாமாகவே நகர்ந்தன,
சட்டை நுனியைப் பிடித்து வரும் பிள்ளைகள் போல.

"மாடித்தளம் தொண்ணூறு சதவீதம்" என்கிறார் தாம்தின்.
மூன்று வாரமாக அதே தொண்ணூறு.
முடிந்ததை விடுங்கள்,
இன்னும் எத்தனை நாள்?
போனில் காற்று மட்டும் கேட்கிறது.
பிறகு, "பன்னிரண்டு."

இயக்குநர் நேற்றே சொல்லிவிட்டார்:
திறப்பு விழாத் தேதியை மட்டும் தொடாதே,
அமைச்சகத்துக்கு அழைப்பிதழ் போய்விட்டது.

தொட்டாள்.

பழைய தேதிகளை அவள் அழிப்பதில்லை.
ஒவ்வொரு நீலத்துக்கும் அடியில்
சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன,
மே மாதத்தில் நாங்கள்
எவ்வளவு தைரியமாக இருந்தோம் என்று.

நகராத கோடு ஒன்றே ஒன்று:
அக்டோபர் எட்டு. அதற்குமேல்
கான்கிரீட் இறுகுமுன் உறைந்துவிடும்.
அந்தத் தேதியை யாரும் அவளைக் கேட்டு வைக்கவில்லை.

தாம்தினின் பன்னிரண்டு முடிவது ஒன்பதில்.

விளக்கை அணைக்கப் போனவள்
கையுறைகளைக் கழற்றுகிறாள்,
மறுபடி எண்களை அழுத்துகிறாள்:
"தாம்தின், கூடாரத் துணியும் நிலக்கரி அடுப்பும்
எத்தனை இருக்கின்றன உங்களிடம்?"