மற்றவை

மாத முடிவில் கொப்பியை விரித்தால்
எறும்பு ஒன்று
சீனி என்ற சொல்லின் மேலால் போகும்.
அதுகூட அங்கே நிற்பதில்லை.

விசுவமடுச் சந்தையில்
தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்கள்
இப்போது கூடிவிட்டோம்.
சத்தியசீலன் ஒன்றும் சொல்லமாட்டார்.
அவர் வீட்டிலும் சொதி தண்ணீர்தானாம்,
மனைவி சொன்னா.

ஒரு தேங்காய் எனக்கு மூன்று நாள்.
சவர்க்காரத்தை நூல் போட்டு இரண்டாய் அறுத்தேன்.
பால்மா பெட்டியிலிருந்து பக்கற்றுக்கு வந்து
பக்கற்றிலிருந்து பிளேன்டீக்கு வந்தோம்.
காஸ் சிலிண்டர் மூலையில் நிற்கிறது,
கழுவிய சட்டியைக் கவிழ்க்க வசதி.
கரண்ட் பில் வந்த அன்று
குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றி
உள்ளே உழுந்தும் பயறும் வைத்துப் பூட்டினேன்.
எலி வராது.
மேல்தட்டில் யதுசா தன் கணிதப் புத்தகத்தை வைத்தாள்,
பழுதாகாமல் இருக்கட்டுமாம்.

செவ்வாய்க்கிழமை லோன்காரப் பெடியன் வருவான்.
படலையில் நின்று ஹோன் அடிப்பான்.
அவனுடைய வரியில் மட்டும்
என் பேனை கைவைக்க முடியாது.

இவருடைய எழுத்து பொடி எழுத்து.
கொப்பியின் அடியில் மாதாமாதம் ஒரே வரி:
மற்றவை, எழுநூறு.
ஏழெட்டு வருடமாய் நான் கேட்டதில்லை.
ஆம்பிளைக்கு ஒரு வெற்றிலை,
ஒரு லொத்தர் சீட்டு இருக்கும்தானே.
பங்குனியில் அந்த வரி இல்லை.
சித்திரையிலும் இல்லை.
நல்ல மனுசன், விட்டுவிட்டார் என்று
அந்தக் காசில்
வெங்காயத்தைக் கால்கிலோவிலிருந்து அரைக்கிலோ ஆக்கினேன்.

பிறகுதான் சத்தம் மாறியது.
விடிய நாலரைக்கு இவர் கிணற்றடிக்குப் போகும் நடை
படுத்தபடியே எனக்குத் தெரியும்.
ஒன்று மெதுவாய், ஒன்று டக் என்று.
இப்போது இரண்டுக்கும் நடுவில் ஓர் இழுவை,
பிணைச்சல் கழன்ற கதவுபோல.

மத்தியானம் இவர் கண்ணயர்ந்த நேரம்
கட்டிலுக்குக் கீழே கழற்றி வைத்திருந்த காலை
வெளிச்சத்துக்கு எடுத்தேன்.
வார் இருந்த இடத்தில் சைக்கிள் ரியூப்,
மூன்று முடிச்சு.
உள்ளே போடும் உறை நைந்து
அதற்குள் மடித்து வைத்த துணியில்
என் பழைய நைற்றியின் நீலப்பூ.
மேசை துடைக்க ஒரு மாதமாய் நான் தேடிய துணி.

உறை, வார்,
வருடத்தில் இரண்டு தரம்
யாழ்ப்பாணம் போய்வர பஸ் காசு.
இவ்வளவும்தான் அந்த எழுநூறு.

கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.
“எல்லாரும் குறைக்கிறியள்.
நானும் என்ரை பங்குக்கு,” என்றார்.
பிறகு, “இந்தக் கால் சோறு கேக்காதெல்லோ,”
என்று பகிடி வேறு.
யதுசா சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்
கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினாள்.

தோல் உரிந்திருந்த இடத்தில்
தேங்காயெண்ணெய் பூசினேன்.
மூன்று சொட்டு.
நாலாவது சொட்டுக்குப் போத்தலைச் சரித்தபோது
இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
விடுங்கோ என்றேன்.
விடவில்லை.
போத்தலை மற்றக் கைக்கு மாற்றி ஊற்றினேன்.

இரவு கொப்பியை எடுத்து
அரிசிக்கு மேலே ஓர் இடம் ஒதுக்கி
கால் என்று எழுதினேன்.
ஆயிரத்து இருநூறு. வாரும் விலை ஏறிவிட்டது.
பிறகு வெட்டுவதற்கு ஒன்றைத் தேடிக்
கீழே இறங்கினேன்.
மண்ணெண்ணெய். சவர்க்காரம். போன் ரீலோட்.
மரணச்சங்கச் சந்தா.
யதுசாவின் ரியூசன்.
ஒவ்வொன்றிலும் பேனை நின்றது,
மை ஊறிப் புள்ளியானது,
அடுத்ததுக்குப் போனது.

குளிர்சாதனப் பெட்டியை விற்கலாம்.
சந்தைப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.
விற்றால் உழுந்தை எதில் வைப்பது
என்று யோசித்தபடி
லைற்றை அணைத்தேன்.