புகார் எண் இல்லாதவை

தினமும் மூன்று நல்ல விஷயம்,
படுக்கப் போகும் முன் எழுதுங்கள் என்றார் டாக்டர் நஸ்ரீன்.
மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு
மீதிப் பாதியை நோட்டில் தேடிக்கொள் என்பதுபோல
ஒரு சிரிப்பு.

நோட்டு வாங்கவில்லை.
அஸ்தம்பட்டி மின்வாரிய ஆபீஸில்
பழைய புகார்ப் பதிவேடு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது.
தேதி. நேரம். இணைப்பு எண். புகார் விவரம். சரிசெய்த நேரம்.
பதினொரு வருஷமாக
இந்த ஐந்து கட்டத்துக்குள்தான் எனக்குக் கையெழுத்தே வரும்.

முதல் நாள் எழுதியது:
ஒன்று, டவுன் பஸ்ஸில் உட்கார இடம்.
இரண்டு, தட்டுவடை செட்டில் பீட்ரூட் கொஞ்சம் தாராளம்.
மூன்று
வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
மூன்று, மை தீரவில்லை.

இரண்டாம் நாள்: மேற்படி.
மூன்றாம் நாள்: மேற்படி, மேற்படி.
டாக்டரிடம் காட்டினால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்.
"கரண்ட் இல்லைங்க"
இதுதான் ஷிஃப்ட் முழுக்கக் காதில் விழுவது.
வந்துவிட்டது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.
சொல்லவும் வேண்டாம், நியாயம்தான்,
ஃபேன் சுற்றத் தொடங்கியதும்
எங்களை மறந்துவிடுவதுதான் முறை.
ஆனால் இப்படியே போய்
சேலத்தில் இருட்டு மட்டும்தான் எனக்குத் தெருத்தெருவாகத் தெரியும்.
விளக்கு எரியும் வீடுகளின் எண்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

லைன்மேன் அர்த்தநாரி ஒருநாள் பதிவேட்டைப் புரட்டினான்.
என்ன மேடம் இது, பஸ்ஸு, பீட்ரூட்டு?
சொன்னேன்.
கேலி செய்வான் என்று நினைத்தேன்.
கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தான்.
"கம்பத்து மேல ஏறினா மூக்கனேரி தெரியும்.
நடுவுல திட்டு, திட்டு மேல மரம், மரம் பூராக் கொக்கு.
கீழ நிக்கறவங்களுக்குச் சுவருதான் தெரியும்.
எழுதிக்கோங்க."
நான் பார்த்ததில்லையே என்றேன்.
"நான் பார்த்தேனே."
அன்றைக்கு மேற்படி போடவில்லை.

சின்னக்கொல்லப்பட்டியில் ஒருவர் இருக்கிறார்.
பெயர் சொல்லமாட்டார்.
இணைப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் நானூற்றுப் பதினேழு.
விளக்கு ஒருமுறை மினுக்கினால் போதும்,
போன் வந்துவிடும்:
"உங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு!"
ஒன்பது மணிக்கு மேல்தான் அவருக்குக் குரல் நன்றாக எடுக்கும்.

சித்திரை மழை, ஆலங்கட்டியோடு.
அடிவாரத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தது.
ஊர் மொத்தமும் போயிற்று.
ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் மலை இல்லை.
ஏற்காடு ஏறும் ஒரே ஒரு வண்டியின் வெளிச்சம் மட்டும்
கொண்டை ஊசியில் காணாமல் போய்
கொஞ்சம் உயரத்தில் திரும்ப வந்தது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆறாவது வளைவில் போன் அடித்து எண்ணிக்கை போயிற்று.
நூற்றுநாற்பது புகார்.
நானூற்றுப் பதினேழு இல்லை.

பதினொன்றரைக்கு எல்லா ஃபீடரும் வந்தன.
அவர் கூப்பிடவே இல்லை.
நிம்மதி என்று எழுதப்போனேன்.
கை நின்றுவிட்டது.
வழுக்கி விழுந்திருப்பாரோ?
தனியாக இருக்கிற குரல் அது,
பின்னால் டிவி கூட ஓடியதில்லை.

விதிமுறையில் இல்லாத காரியம்:
நானே டயல் செய்தேன்.
எட்டு மணி அடித்தது.
"சார், மின்வாரியத்துல இருந்து. கரண்ட் இருக்குங்களா?"
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"இருக்கு. இதைக் கேட்கவா அர்த்தராத்திரியில எழுப்புனே?
உங்களுக்கெல்லாம்…"
முழுசாகக் கேட்டேன்.
மூச்சு வாங்கவில்லை. குரல் கணீர்.

தேதி. நேரம். இணைப்பு எண்.
விவரம்: திட்டினார்.
சரிசெய்த நேரம் என்ற கட்டத்துக்குப்
பேனா பழக்கத்தில் போய், சும்மா திரும்பியது.

டீ ஆறிப்போயிருந்தது.
அதை எழுதவில்லை.