இரண்டு அங்குலம்

காக்கி புக்கிட் பட்டறை, ஏழாம் எண் கதவு.
பரிசோதனைப் பேருந்து பின்பக்கமாக உள்ளே வருகிறது.
ரோஸ்லான் கண்ணாடியைப் பார்க்காமல்
என் கையை மட்டும் பார்த்து ஓட்டுகிறார்.

பொத்தானை அழுத்துகிறோம்.
பேருந்தின் விலாவிலிருந்து ஓர் அறை
மேசை இழுப்பறைபோல் வெளியே வருகிறது,
முக்கால் மீட்டர்.
அவ்வளவு இடத்தில்தான்
பெண்கள் சட்டை மாற்றிக்கொண்டு
மார்பகப் படம் எடுக்கக் காத்திருப்பது.

"போன சனிக்கிழமை தெம்பனிஸ்ல
ஓர் அம்மா தோள்ல சொட்டுச்சு"
என்றார் தாதி தவமலர்.
"ஏர்கான் தண்ணியான்னு கேட்டாங்க.
ஆமான்னு சொல்லிட்டேன்.
பொய் சொன்னது எனக்கே பிடிக்கல."
அவர் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

ரப்பர் விளிம்பை விரலால் அமுக்கிப் பார்க்கிறேன்.
நல்லதென்றால் விட்டதும் எழும்.
இது அமுக்கிய இடத்திலேயே கிடக்கிறது,
இரவு ஷிஃப்ட் முடிந்து
எம்.ஆர்.டி. கண்ணாடியில் சாய்ந்த தலைபோல.

உரிக்க உரிக்கக் கொட்டுகிறது:
அங்சானா இலைத்தூள்,
ஒரு கொண்டை ஊசி,
எறும்பு முட்டைகள்,
நாற்பத்தேழு என்று அச்சடித்த வரிசைச் சீட்டு.

மேலே வலது மூலையில்
சிலிக்கான் கட்டி ஒன்று. கறுப்பு.
பூசியவன் விரலால் தேய்த்த தடம்
அப்படியே காய்ந்திருக்கிறது.
பூன் கியாட் எட்டிப் பார்த்தான்.
"யார் செஞ்ச வேலை லா இது?"

என் கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.
பொருந்தியது.

ஈராண்டுக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள்.
சுருளில் இரண்டு அங்குலம் குறைந்தது.
புதுச் சுருள் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள்.
நான் இழுத்தேன். வந்தது.
மூலையைச் சிலிக்கானால் மூடிவிட்டு
ஆட்டுக்கறி வாங்கத் தேக்காவுக்கு ஓடினேன்.

அமுக்கினால் மறந்துவிடும் இந்த ரப்பர்
இழுத்ததை மறப்பதில்லை.
நாளுக்கு ஒரு மயிரிழை
தன் அளவுக்குத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது,
நான் தூங்கும்போதும்.

பழைய பசையைச் சுரண்ட மூன்று மணி நேரம்.
இரும்புக் கத்தி கூடாது, பெயின்ட் போகும்.
பிளாஸ்டிக் தகடு, ஸ்பிரிட், கந்தல், மறுபடி தகடு.
கூரைத் தகரம் மதியத்தைக் காய்ச்சி
எங்கள் முதுகில் ஊற்றியது.
புதியதை இரண்டு விரல் கூடுதலாகவே வெட்டினேன்.
இழுக்கவில்லை. தள்ளினேன்,
புழுவை அதன் வளைக்குள்
திருப்பி அனுப்புகிறவன் மாதிரி,
கொஞ்சம் கொஞ்சமாக.
மூலையில் மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் பூன் கியாட்டிடம்
விழாத நாலு-டி சீட்டு ஒன்று கேட்டேன்.
பர்ஸ் முழுக்க வைத்திருந்தான்.
விளிம்பில் வைத்து அறையை மூடி
சீட்டை இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.
வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று வரும்,
காற்று வந்தால் மழையும் வரும்.

மூன்று மூலையிலும் பிடித்தது.
நாலாவதில் கிழிந்தது.
கையில் இரண்டு எண்,
உள்ளே இரண்டு எண்.
"இப்பவாவது பாதி அடிச்சுதே" என்றான் அவன்.

குழாயைத் திறந்தேன்.
உள்ளே டார்ச்சோடு ரோஸ்லான்.
கால் மணி நேரம் கழித்து
"கெரிங்!" என்று கத்தினார். காய்ந்திருக்கிறது.
இன்னொரு கால் மணி நேரம் அடித்தேன்.
அவர் மறுபடி கத்தினார், கொஞ்சம் கோபமாக.

சாயங்காலம் தவமலருக்கு ஃபோன் செய்தேன்.
"அது ஏர்கான் தண்ணி இல்ல, சிஸ்டர்.
நான் போட்ட மூலை."
அந்தப் பக்கம் யாரோ எண் கூப்பிடும் சத்தம்.
பிறகு அவர்:
"சனிக்கிழமை உட்லண்ட்ஸ்.
மழைன்னு போட்டிருக்கு. வந்து பாருங்க.
ஆனா ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது.
குடை எடுத்துக்கிட்டு
வெளியில நில்லுங்க."